கைக்குட்டையில் துரு

வேண்டாம் தம்பி, பை என் மடியிலயே இருக்கட்டும். மேல இடம் இருக்குன்னு எனக்கும் தெரியுது. மேல வச்சா யாரு கை எங்க போவுதுன்னு மதுரை வரைக்கும் அண்ணாந்து பாத்துக்கிட்டா வர முடியும்? நீங்க கை நீட்டுனது நல்ல மனசுலதான், நான் தப்பா எடுத்துக்கல. ஆனா நம்ம பையை யார் கையிலயும் குடுக்குற வழக்கம் இல்ல. பின் சீட்டுல சிவப்புச் சட்டை ஒருத்தன் இருக்கான்லா, ஏறுனதுல இருந்து இந்தப் பையையே பாத்துக்கிட்டு வாரான். இப்பம் திரும்பாதீங்க. மெதுவா அப்புறமாப் பாருங்க.

உங்க மடியில இருக்குறது கேமராப் பைதானே? நினைச்சேன். வாரை ரெண்டு சுத்து கையில சுத்தி வச்சிருக்கியளே, அதுலயே தெரிஞ்சுபோச்சு. நமக்கும் அதே தொழில்தான். லிங்கம் ஸ்டுடியோ, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம். லிங்கத்துரைன்னு கேட்டா சொல்லுவாங்க. இருபத்தஞ்சு வருசமா கல்யாணம், சடங்கு, காதுகுத்து.

அப்பம் உங்ககிட்டயே கேக்கலாம். தண்ணிக்குள்ள கேமராவைக் கொண்டு போறதுக்கு ஒரு டப்பா இருக்குல்லா, ஹவுசிங்னு சொல்லுதாங்களே, அதுல பிளாஸ்டிக் நல்லதா, அலுமினியம் நல்லதா? தெரியாதா? நெசமாவே தெரியாதா, இல்ல வெளிய சொல்லக் கூடாதுன்னு இருக்கியளா? சரி சரி, கோவிக்காதீங்க. கேக்குறதுல என்ன இருக்கு. மதுரையில ஒருத்தர் அலுமினியத்துல ஒண்ணு வச்சிருக்காராம். அந்தமான்ல டைவிங் கம்பெனியில இருந்துட்டு வந்தவராம். அதைப் பாக்கத்தான் போறேன். நல்ல சாமானை ஒரு மனுசன் ஏன் விக்குதான்னு நேத்துல இருந்து யோசிச்சிக்கிட்டே இருக்கேன்.

கல்யாணப் படம் எடுக்குறவனுக்குத் தண்ணிக்குள்ள என்ன சோலின்னு கேப்பிய. சொல்லுதேன். கடலுக்குள்ள சிமெண்டுக் கூடு இறக்குதாங்க தம்பி. முக்கோணமா, ஓட்டை ஓட்டையா, ஆளு உயரம் இருக்கும். மீனு உள்ள அடையும், குஞ்சு பொரிக்கும்னு சர்க்கார் போடுத திட்டம். காண்ட்ராக்டர் கப்பல்ல கொண்டு போய்த் தள்ளுவாரு. நூறு கூடு தள்ளுனேன்னு சொன்னா எவன் நம்புவான்? மேல நின்னு பாத்தா வெறும் தண்ணி. அதனால ஒவ்வொரு கூட்டு மேலயும் ஒரு நம்பர் எழுதியிருக்கும். கூடு தரையில உக்காந்த பெறவு, அந்த நம்பர் தெரியுத மாதிரி ஒண்ணொண்ணா படம் எடுத்துக் குடுக்கணும். அந்த வேலை எனக்கு வந்துச்சு. எனக்குப் பிடிச்ச வேலை தம்பி அது. ஒருத்தனும் ஒருத்தனையும் நம்பல, அதனால எல்லாரும் என்கிட்ட வாராங்க.

ஆனா ஒரு சங்கடம். எனக்கு நீச்சல் தெரியாது.

சிரிக்காதீங்க. தூத்துக்குடிக்காரன்னா எல்லாரும் கடல்லயா பிறந்தோம்? வள்ளத்துல ஏறி அரை மைல் போறதுக்குள்ள குடல் வாய்க்கு வந்துரும் எனக்கு. நான் மேல வள்ளத்துல. கேமரா கீழ. கேமராவைக் கொண்டு போறது கஸ்பார்.

கஸ்பாரைச் சொல்லணும். சங்கு குளிக்கிறவன். சிலிண்டரைக் கட்டிக்கிட்டு இறங்குனான்னா ஆறு பாகம், ஏழு பாகம், ஒரு பாகம்னா ஆறு அடி, நாம மாடிப்படி இறங்குத மாதிரி இறங்குவான். பன்னெண்டு வருசப் பழக்கம். அவன் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். அதுல ஒரு கூத்து நடந்துபோச்சு. மாதா கோயில்ல சாமியார் ஜெபம் சொல்லி முடிச்சி, அவன் தாலி கட்டுத நேரம் பாத்து என் கார்டு பழுதாயிட்டு. ஒரு படம் இல்ல. தாலி கட்டுத படம் இல்லாத கல்யாண ஆல்பத்தைக் கொண்டு போய் அவன் கையில குடுத்தேன். வேற எவனாயிருந்தாலும் ஸ்டுடியோக் கண்ணாடியை உடைச்சிருப்பான். இவன் ஆல்பத்தைப் புரட்டிப் பாத்தான். "போனாப் போவுது அண்ணாச்சி. நான்தான் நேர்ல பாத்தேன்லா, அது போதும்" அப்படின்னுட்டான்.

அன்னையில இருந்து எனக்கு ஒரு நெருடல். ஒரு மனுசன் அதுக்குக் கூடவா கோவப்பட மாட்டான்? மனசுல எதையோ வச்சிக்கிட்டுத்தான் சிரிக்குதான்னு பன்னெண்டு வருசமா நினைச்சிக்கிட்டிருக்கேன்.

சரி, டப்பாவுக்கு வாரேன். முதல்ல ஒரு பை பாத்தேன். கெட்டி பிளாஸ்டிக் பை, வாயை மடிச்சு திருகாணி போட்டு இறுக்குறது. கஸ்பார் அதைக் கையில வாங்கிக் கசக்கிப் பாத்தான். "அண்ணாச்சி, இது குளத்துக்குத்தான் ஆவும். ஆறு பாகத்துல தண்ணி இதை அமுக்கி கேமராவோட ஒட்ட வச்சிரும், ஒரு பட்டனும் அமுக்க முடியாது" அப்படின்னான். அவனுக்கு எப்படித் தெரியும்? முன்னால யாருக்கோ எடுத்துக் குடுத்திருக்கானா? கேட்டேன். இல்லன்னான். அதையும் மனசுல குறிச்சி வச்சிக்கிட்டேன்.

பெறவு மெட்ராஸ்ல ஒரு கடை. கடைக்காரன் சின்ன வயசு, நெடுமாறன்னு பேரு. என் கேமரா மாடலைக் கேட்டான், அதுக்குன்னே செஞ்ச டப்பா ஒண்ணை எடுத்து வச்சான். கண்ணாடி மாதிரி கெட்டி பிளாஸ்டிக். கேமராவுல எங்கெங்க பட்டன் இருக்கோ அங்கெல்லாம் வெளிய ஒரு குமிழ். பின்பக்கம் மூடி. மூடியைச் சுத்தி ஒரு ரப்பர் வளையம். "சார், இந்த டப்பாவுக்கு உயிரே இந்த வளையந்தான். இதுல ஒரு தலைமுடி கிடந்தாலும், ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் தண்ணி உள்ள வந்துரும். மூடுறதுக்கு முன்னால துடைச்சு, விரலால தடவிப் பாத்துட்டு மூடுங்க" அப்படின்னான். ஒரு தடவை இல்ல, மூணு தடவை சொன்னான்.

ஏன் மூணு தடவை சொல்லணும்? நீங்களே யோசிங்க. நாளைக்குத் தண்ணி புகுந்தா, நான்தான் அன்னைக்கே சொன்னேன்லான்னு தப்பிக்கத்தானே? விக்கும்போதே சாக்கு சேத்து விக்குதான். உள்ள இரும்பு எதுவும் வச்சிருக்கியான்னு கேட்டேன், உப்புத்தண்ணி பட்டா துருப்பிடிக்கும் பாருங்க. "ஒரு ஆணி கூடக் கிடையாது சார், உள்ள பூரா பிளாஸ்டிக்"னான். இதை ஞாபகம் வச்சிக்கோங்க தம்பி. ஒரு ஆணி கூடக் கிடையாதுன்னு அவன் வாயால சொன்னான்.

வாங்கிட்டு வந்து நான் சும்மா விட்டேனா? காலி டப்பாவுக்குள்ள டிஷ்யூ பேப்பரை வச்சு மூடி, வீட்டுத் தண்ணித் தொட்டியில அமுக்கி மேல அம்மிக்கல்லைத் தூக்கி வச்சேன். மூணு நாள். வீட்டுல கத்து கத்துன்னு கத்துதா, தொட்டித் தண்ணியில குழம்பு வைக்க வேண்டாமான்னு. மூணாம் நாள் திறந்தா பேப்பர் மொறுமொறுன்னு இருக்கு. சரி, தொட்டி வேற, கடல் வேற. காலி டப்பாவையே கஸ்பார்ட்ட குடுத்து ஆறு பாகத்துக்கு அனுப்புனேன். மேல வந்தான். பேப்பர் காய்ஞ்சேதான் இருந்துச்சு.

ஆனா அவன் தரை வரைக்கும் போனான்னு நான் எப்படி நம்புறது? பத்தடியில தொங்கிக்கிட்டு கால் மணி நேரம் கழிச்சி வந்து சொன்னா எனக்கு என்ன தெரியும்? திரும்பப் போ, தரையில இருந்து ஒரு பிடி சேறு எடுத்துட்டு வான்னேன். வள்ளத்துல இருந்த ரெண்டு பேரும் சிரிச்சாங்க. கஸ்பார் திரும்ப இறங்குனான். சேறு கொண்டு வரல, உயிரோட ஒரு சங்கைக் கொண்டாந்து என் மடியில வச்சான். "இது பத்தடியில கிடைக்காது அண்ணாச்சி"ன்னான். அந்தச் சங்கு இப்பவும் ஸ்டுடியோவுல மேசை மேல இருக்கு.

ஆயுத பூசை கழிஞ்சு வந்த வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் பாத்து வச்சிருந்தேன். காலையில எந்திரிச்சுக் குளிச்சு, சாமியைக் கும்பிட்டு, கேமராவை டப்பாவுக்குள்ள உக்கார வச்சேன். நாம எந்தப் புதுச் சாமானையும் பொட்டு வைக்காம எடுக்குறதில்ல. பைக்குன்னாலும் சரி, பிரிண்டர்னாலும் சரி. காலி டப்பாவுக்கு வைக்கல, காலி டப்பாவுக்கு எதுக்குப் பொட்டு? இன்னைக்குத்தான் கேமராவோட முதல் இறக்கம். ஆனா வெளிய வச்சா கடல்தண்ணி ஒரு நிமிசத்துல அழிச்சிரும்லா. முதல் நாளே பொட்டு அழிஞ்சா மனசுக்கு எப்படி இருக்கும்? அதனால நான் யோசிச்சு, மூடியோட உள்பக்கமா, விளிம்பு ஓரத்துல, சந்தனம் வச்சு அது மேல திருச்செந்தூர் குங்குமம். மூணு பொட்டு. தண்ணி படாத எடம். அப்படி ஒரு கவனமாச் செஞ்சேன் தம்பி. வீட்டுல கேட்டா, "உள்ளயா வைக்கிய?"ன்னு. உனக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டு மூடி இறுக்குனேன். என் கையாலதான் மூடினேன். வேற ஒருத்தனைத் தொட விடல.

கஸ்பார் இறங்குனான். முக்கால் மணி நேரம் ஆவும்னு சொல்லியிருந்தான். நான் வாந்திக்கு ஒரு வாளியை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். பத்து நிமிசம் கூட ஆவல, தண்ணி கொப்புளிக்குது, டப்பாவை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்கிட்டு வாரான். புள்ளையைத் தூக்கிட்டு வார மாதிரி. வாங்கிப் பாக்கேன், உள்ள பாதிக்குத் தண்ணி. சாதாத் தண்ணி இல்ல. சிவப்பா. என் கேமரா சிவப்புத் தண்ணியில மிதக்குது.

திறந்தேன். கைக்குட்டையால ஒத்தி ஒத்தி எடுத்தேன். எதுக்கு? கேமரா அப்பவே செத்துப்போச்சு. பத்து வருசம் என் கண்ணா இருந்த கேமரா தம்பி. எனக்கு அழுகை வந்துட்டு. அழுகை வந்தா எனக்குக் கோவமும் சேந்து வரும். "ஏல, கீழ வச்சு டப்பாவைத் திறந்தியா?"ன்னு கேட்டேன். வள்ளத்துல ரெண்டு பேரும் கேக்க, சத்தமாவே கேட்டேன். இதுக்கு எங்க எதிர் ஸ்டுடியோக்காரன்ட்ட எவ்வளவு வாங்குனன்னும் கேட்டேன்.

கஸ்பார் முகமூடியைக் கழட்டிட்டு என்னையே பாத்தான். "அண்ணாச்சி, கடலுக்கு அடியில எவனாவது டப்பாவைத் திறப்பானா?"ன்னான். நான் விடல. மூணு நாள் தொட்டியில கிடந்த டப்பா, முந்தின தடவை ஆறு பாகம் போய்ட்டு வந்த டப்பா, இன்னைக்கு மட்டும் எப்படி ஒழுவும்னு கேட்டேன். அதுக்கு அவன் மெதுவா, "மூடினது நீங்க"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். என்னையே திருப்பிச் சொல்லுதான் பாத்தியளா? கரையில இறங்கி சிலிண்டரைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனவன்தான்.

அதுக்கப்புறம் நான் டப்பாவைத் தூக்கிக்கிட்டு மெட்ராஸ் போனேன். அந்த நெடுமாறன் என்ன செஞ்சான் தெரியுமா? வளையத்தை விரலால ஒரு தடவு தடவுனான். விரலைப் பாத்தான். பெறவு என் நெத்தியைப் பாத்தான். தப்புப் பண்ணுனவன் கண்ணைப் பாக்க மாட்டான், நெத்தியைத்தான் பாப்பான்னு அன்னைக்குக் கண்டுக்கிட்டேன். "சார், புது வளையம் ஒண்ணு சும்மாவே தாரேன், இனிமே உள்ள மட்டும் எதுவும் வைக்காதீங்க"ன்னான். எதுவும் வைக்காதீங்கன்னா? கேமராவை வைக்காம டப்பாவை எதுக்கு வாங்குனேன்? அதுவுஞ் சும்மா தாரானாம். குத்தம் உள்ளவன்தானே சும்மா தருவான்? எடுத்து அவன் மேசையிலயே வீசிட்டு வந்துட்டேன்.

இந்தா பாருங்க. சட்டைப் பையிலேயே வச்சிருக்கேன். இதுதான் அந்தக் கைக்குட்டை. இந்த ஓரத்துல இருக்கு பாருங்க செவப்பு. துரு. ஒரு ஆணி கூட இல்லன்னான்லா, அப்பம் இது எங்கருந்து வந்துச்சு? வீட்டுல இதைத் தொவைக்கப் போய்ட்டா தம்பி. ஒரு முனை சோப்புல பட்டுட்டு. "துருன்னா சோப்புக்குப் போவாதே, இது போவுதே"ன்னு சொல்லுதா. வெடுக்குனு பிடுங்கிக்கிட்டேன். சாட்சியை யாராவது தொவைப்பாங்களா?

என்ன மோந்து பாக்கிய? கடல் வாடை அடிக்கும். அடிக்கலையா? நாலஞ்சு மாசம் ஆச்சுல்லா.

கஸ்பாரா? அவனுக்கு என்ன, நல்லாத்தான் இருந்தான். கிறிஸ்மஸுக்கு எப்பவும் வீட்டுக்கு மக்ரூன் குடுத்து விடுவான். இந்த வருசமும் வந்துச்சு. இவ்வளவு நடந்த பெறவும் ஏன் குடுத்து விடணும்? மனசாட்சி உறுத்துது, வேற என்ன. நான் வாயில வைக்கல. டப்பி அப்படியே அலமாரியில இருந்து எறும்பு புடிச்சிட்டு.

ஆனா ஒண்ணு, அது கொஞ்சம் சங்கடந்தான். டூரிஸ்டுகளைக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போற கம்பெனி ஒண்ணு புதுசா வந்திருக்கு. கஸ்பாரை மாசச் சம்பளத்துக்கு எடுக்குறதா இருந்தாங்க. சங்கு குளிக்கிறதுல காது போயிரும் தம்பி, வயசு நாப்பதைத் தாண்டிட்டு, அவனுக்கு அந்த வேலை வேணும். கடைசி நேரத்துல வேண்டாம்னுட்டாங்க. வாரவங்க கேமரா, போனு, எல்லாம் இவன் கையில இருக்கும், இவன் மேல ஏதோ பேச்சு இருக்காமேன்னு. துறைமுகத்துல இப்பம் அவன் பேரே டப்பா கஸ்பார். அந்தப் பேரை நான் வைக்கல. சத்தியமா நான் வைக்கல. நான் டீக்கடையில நாலு பேர்ட்ட நடந்ததைச் சொன்னேன், அம்புட்டுதான்.

போன வாரம் வள்ளக்காரன் இன்னாசி வந்தான். காண்ட்ராக்டர் மறுபடி கூப்பிட்டிருக்காரு, அந்தக் கூடு எல்லாத்தையும் படம் எடுக்கணும், தண்ணி தெளிஞ்சு கிடக்குறது இன்னும் ஒரு மாசந்தான். வேற ஆளு எவனும் அந்த ஆழத்துல நின்னு படம் எடுக்க மாட்டான். கஸ்பார் வருவானான்னு கேட்டேன். வருவானாம். ஒரே ஒரு கண்டிசன். அதே வள்ளத்துல, அதே ரெண்டு பேர் முன்னால, "கஸ்பார் டப்பாவைத் திறக்கல"ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லணுமாம். வேற ஒண்ணும் வேண்டாமாம்.

நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க. கையில சாட்சியை வச்சிக்கிட்டு எப்படிச் சொல்ல? அதான் முதல்ல அலுமினியம் வாங்குவோம், ஒழுவாத டப்பாவைக் கையில வச்சிக்கிட்டுப் பேசுவோம்னு கிளம்பிட்டேன். அதுக்கும் பொட்டு வைக்கத்தான் குங்குமம் பையில இருக்கு.

என்ன ஒரு வெக்கை. மாசி மாசத்துலயே இப்படி. எட்டயபுரம் தாண்டிட்டா? அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. வேர்வை கண்ணுக்குள்ள இறங்குது. இருங்க, அந்தக் கைக்குட்டையைக் குடுங்க. இந்தப் பக்கம் இல்ல, அது சாட்சி. நல்ல பக்கத்தால துடைச்சிக்கிடுதேன்.

இது என்ன?

இல்ல, இது என்ன தம்பி? இந்த முனையில முன்னால செவப்பு இல்லையே. இப்பந்தானே நெத்தியைத் துடைச்சேன். நீங்கதானே பிடிச்சிருந்தீங்க, நீங்க எதுவும் தடவுனீங்களா? கையைக் காட்டுங்க. கையில ஒண்ணும் இல்ல. சரி. இங்கன பாருங்க, இது காலையில நெத்தியில வச்ச பொட்டு. இது அந்தத் துரு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. எனக்கு இருபத்தஞ்சு வருசமா கலர் பாக்குறதுதான் தொழில். ஒரு மணப்பொண்ணு சேலைக்கும் இன்னொரு மணப்பொண்ணு சேலைக்கும் அரை நூல் வித்தியாசம் கண்டுபிடிப்பேன். இதுல வித்தியாசம் இல்லையே தம்பி.

நீங்க யாரு? நெசத்தைச் சொல்லுங்க. கஸ்பாருக்குத் தெரிஞ்ச ஆளா? அவன் அனுப்பி வச்சானா? கேமராப் பையோட என் பக்கத்துல வந்து உக்காந்தது எப்படி? இல்லையா. பரமக்குடியா. தூத்துக்குடிக்கே இப்பந்தான் முதல் தடவை வந்தீங்களா. சரி, டிக்கெட்டைக் காட்ட வேண்டாம், நான் கேக்கல. உள்ள வைங்க.

...

விரலால மடியில என்ன வரையுதேன்னு பாக்கியளா? ஒண்ணுமில்ல. மூடியைத்தான் மனசுல திறந்து பாத்துக்கிட்டு வாரேன். பின்பக்கம் மூடி. அதைச் சுத்தி விளிம்பு. வளையம் போய் உக்காருறது அந்த விளிம்புல. நான் பொட்டு வச்சது அந்த விளிம்புல. சந்தனம் காய்ஞ்சா தட்டையாவா இருக்கும்? ஒரு மணல் போதும்னு சொன்னான் அந்தப் பையன். மூணு தடவை சொன்னான். நான் மூணு பொட்டு வச்சிருக்கேன்.

மூடினது நீங்கன்னு கஸ்பார் சொன்னான் தம்பி. அவன் என்னைக் குத்தம் சொல்லவே இல்ல. நடந்ததைச் சொன்னான்.

தாலி கட்டுத படம் இல்லன்னு சொன்னப்போ அவன் என்கிட்ட ஒரு கேள்வி கேக்கலையே. ஏன்னா அவன் மனசுல ஒண்ணும் இல்ல. நான்தான் பன்னெண்டு வருசமாத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன். கொஞ்சம் தண்ணி இருக்கா? வேண்டாம், என்கிட்டயே இருக்கு. இல்ல, குடுங்க, உங்க தண்ணியே குடுங்க.

கண்டக்டர், பந்தல்குடியில நிப்பாட்டுங்க. ஆமா, மதுரை டிக்கெட்தான், தெரியுது. நான் இறங்கணும். எதுத்த பக்கம் தூத்துக்குடி வண்டி வரும்லா? சாயந்திரத்துக்குள்ள துறைமுகம் போய்ட்டா இன்னாசி இருப்பான். வள்ளத்துல ரெண்டு பேர் முன்னால சொன்னா மட்டும் போதாது தம்பி. டீக்கடையில சொன்னதை டீக்கடையிலயும் சொல்லணும், அந்தக் கம்பெனிக்காரன்ட்டயும் போய்ச் சொல்லணும். என் வாயால சொன்னது என் வாயாலதானே திரும்பி வரணும். கஸ்பார் என் முகத்தைப் பாப்பானான்னுதான் தெரியல. பாக்க மாட்டான்னா பாக்க வேண்டாம். நான் நிக்கேன்.

வண்டி நிக்கப்போவுது. படிக்கட்டுல கூட்டமா இருக்கே. இந்தப் பையை ஒரு நிமிசம் பிடிங்க தம்பி. உங்ககிட்டதான் சொல்லுதேன், பிடிங்க. நான் கீழ இறங்கி இந்த ஜன்னலுக்கு வாரேன், ஜன்னல் வழியாக் குடுத்துருங்க.

உள்ள என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், கேட்டியளா? சரி, போட்டும். நீங்க பிடிங்க.